அரைக் கிலோ வெங்காயமும் ஆட்டோபைலட்டும்

கடந்த வாரம் எங்கள் தெருமுனைக் கடையில் அரைக் கிலோ சின்ன வெங்காயம், ஒரு சோப்பு, ஒரு பாக்கெட் உப்பு வாங்கினேன். பில் 412 ரூபாய் என்று வந்தது. நானும் மறுபேச்சின்றிக் கைப்பேசியை எடுத்து ஸ்கேன் செய்யப் போனேன். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றிருந்த பாட்டிதான், "ஏம்ப்பா, வெங்காயத்தை அஞ்சு கிலோன்னு போட்டுட்டியா?" என்று கேட்டார். பில் போட்ட பையன் திரையைப் பார்த்துவிட்டு, "சிஸ்டத்துல அப்படித்தான் வருது பாட்டி" என்றான். கிலோ 70 ரூபாய் என்றால் அரைக் கிலோ 35 என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதிலும் நான் நாள் முழுவதும் எக்செல்லில் கணக்குப் பார்த்துப் பிழைப்பவன்.

தொழில்நுட்பம் மூளையை மழுங்கடிக்கிறதா என்ற விவாதம் எழும்போதெல்லாம் இப்போது அந்தப் பாட்டிதான் நினைவுக்கு வருகிறார். பில் போட்ட பையனுக்கும் எனக்கும் கூட்டல் மறந்துவிடவில்லை. கூட்டிப் பார்க்க வேண்டும் என்றே தோன்றவில்லை. இழப்பு இந்த இடத்தில்தான் தொடங்குகிறது என்பது என் கருத்து. திண்ணைப் பள்ளியில் எண்சுவடி என்ற பழைய வாய்ப்பாட்டு நூலை உருப்போட்டவர்கள் காலில் கால் மாகாணி, அதாவது பதினாறில் ஒரு பங்கு, என்று யோசிக்காமல் சொல்வார்கள்; 320இல் ஒரு பங்கான முந்திரி வரை அவர்களுக்குக் கணக்கு இருந்தது. அது போனதற்காக நான் ஒப்பாரி வைக்கப் போவதில்லை. ஆனால் அந்த மனக்கணக்கோடு ஒட்டிக்கொண்டிருந்த தோராயப் புத்தி, அதாவது விடை இவ்வளவுக்குள்தான் இருக்க முடியும் என்று முன்கூட்டியே உறுத்தும் அந்தப் பழக்கம், கால்குலேட்டரோடு சேர்ந்து வருவதில்லை.

வெங்காயத்தில் போவது பணம் மட்டுமே. ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸுக்குச் சென்ற ஏர் பிரான்ஸ் 447 விமானம் 2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக் கடலில் விழுந்து 228 பேர் இறந்தார்கள். வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய்களைப் பனித்துகள்கள் அடைத்துக்கொண்டதால் அளவுகள் பிசகின, விமானத்தைத் தானாக ஓட்டும் ஆட்டோபைலட் விலகிக்கொண்டது. அந்த அடைப்பு ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் நீங்கிவிட்டது. ஆனால் அதற்குள் விமானத்தைக் கையில் எடுத்தவர் மூக்கை மேல்நோக்கியே இழுத்துப் பிடித்ததால் இறக்கைகள் தாங்கும் விசையை இழந்தன. எச்சரிக்கை ஒலி திரும்பத் திரும்ப ஒலித்தும் நிலைமை பிடிபடாமல், ஐந்து நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்தது. விமானிகளைச் சோம்பேறிகள் என்று சொல்ல மாட்டேன். அவ்வளவு உயரத்தில் கையால் ஓட்டும் பயிற்சியே அவர்களுக்குத் தரப்படவில்லை என்பதைப் பிரெஞ்சு விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டியது. விமானிகளுக்குக் கையால் ஓட்டும் வாய்ப்பைக் கூட்டுமாறு 2013இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் நிறுவனங்களை அறிவுறுத்தியது.

ஆகவே, கற்றுத் தேர்ந்தவர் வேலையை இயந்திரத்திடம் விடுவதும், கற்காமலே ஒருவர் ஒப்படைப்பதும் ஒன்று என்று நான் எண்ணவில்லை. சாட்ஜிபிடி எழுதித் தரும் கட்டுரையில் எங்கே சறுக்கல் என்பது பத்துக் கட்டுரையாவது தானே எழுதி, அடித்துத் திருத்தியவருக்குத்தான் கண்ணில் படும். முதல் கட்டுரையையே அதனிடம் வாங்கும் மாணவருக்கு அது எப்படிப் படும்? கற்றவருக்கும் பழக்கம் விட்டால் கை தளரும் என்பதற்கு நானே சாட்சி.

இப்போதெல்லாம் பையன் பில் போடும்போதே மனத்துக்குள் கூட்டிக்கொண்டே வருகிறேன். நேற்று எனக்கு 310 வந்தது, பில்லில் 286. கடை வாசலில் நின்று மறுபடி கூட்டிப் பார்த்தேன், பில்தான் சரி.