ஒழுக்கு ஒழுக்கெண்டு உசிரை வாங்குறானுகள்

மாரி பிறந்தா ஒழுக்குக்கு ஏனம் வைக்கிறதுதான் எங்கட வீட்டில வேலை. இந்த வருசம் கடன்பட்டுக் கூரையை மாத்திப்போட்டு நிம்மதியாப் படுப்பம் எண்டா, இப்ப கணிதக் கொப்பியில ஒழுகுது.

மகள் ஒன்பதாம் ஆண்டு. 'ஒரு நிபந்தனைக்கு அமைய இயங்கும் புள்ளியொன்றின் பாதை ஒழுக்கு எனப்படும்.' தண்ணிபட்ட பாடமாச் சொல்றாள். ஆனா ஒரு சொல் விளங்கயில்ல. "புள்ளி எப்பிடி சேர் இயங்கும், அதுக்குக் கால் இரிக்கா?" எண்டு ரியூசன்ல கேட்டிருக்கிறாள். வகுப்பே சிரிச்சிரிக்கு. சேர் சொன்ன பதில்: "நாலு ஒழுக்கு இரிக்கு. நாலையும் பாடமாக்கு. சோதினைக்கு அவ்வளவுதான்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்திச்சு. அந்தப் புள்ள கேட்டதுதானே ஐயா பாடமே! புள்ளி எங்கயும் நடந்து போகயில்ல. நிபந்தனைக்கு ஒத்துவாற எல்லாப் புள்ளியும் சேந்ததுதான் ஒழுக்கு. அதில இரிக்கிற ஒவ்வொண்டும் ஒத்துவரணும், வெளியில நிக்கிற ஒண்டும் ஒத்துவரக் கூடாது. இதைச் சொல்ல ரெண்டு நிமிசம் போதும். ரெண்டு மணித்தியாலத்துக்குக் காசு வாங்குறீங்களே!

சரி, போன்ல பாப்பம் எண்டு தேடினா, இந்தியாக்காரர் ஒருத்தர் இதே ஒழுக்கை 'இயங்குவரை' எண்டுறார், இன்னொருத்தர் 'நியமப்பாதை' எண்டுறார். மகள் அது வேற பாடம் எண்டு மூடிப்போட்டாள்.

மறுகா கொப்பியைப் புரட்டினன். ரெண்டு புள்ளியிலிருந்தும் சம தூரத்தில இரிக்கிற புள்ளிகளின்ட ஒழுக்கு, அதான் செங்குத்து இருசமகூறாக்கி, கீறியிரிக்கிறாள், அச்சுப்போல. "ஏன் மகள் கவராயத்தை ரெண்டு புள்ளிக்கும் இடைத்தூரத்தில பாதிக்கு மேல விரிக்கிற?" "சேர் சொன்னவர்." "ஏன் ரெண்டு பக்கமும் ஒரே அளவு?" "சேர் சொன்னவர்."

வாடி வளவுக்கெண்டு கூட்டிக்கொண்டு போனன். எங்கட வளவில பக்கத்துப் பக்கத்தில ரெண்டு தென்னை. ஒரே நீளத்தில ரெண்டு கயிறு வெட்டி, மரத்துக்கு ஒண்டாக் கட்டி, நுனி ரெண்டையும் இழுத்துச் சேக்கச் சொன்னன். சேருதில்ல. கயிறு கட்டை. "ஆ, பாதிக்கு மேல!" எண்டு அவளாக் கத்தினாள். நீளமாக் கட்டினம். நுனி முட்டின இடத்தில ஈர்க்கு ஒண்டு குத்தினாள். ரெண்டையும் ஒரே அளவாக் குறைச்சு இன்னொண்டு, மறுகா அங்கால் பக்கத்தில ரெண்டு. ஈர்க்கெல்லாம் நூல் பிடிச்ச மாதிரி ஒரே கோட்டில நிக்குது. கோட்டை விட்டு ஓரடி தள்ளிப் போனாள், ஒரு கயிறு தொய்யுது, மத்தது எட்டுதில்ல. கொஞ்ச நேரம் பேசாம நிண்டாள். கவராயமும் இந்தக் கயிறும் ஒண்டுதான் எண்டு நான் சொல்லத் தேவைப்படயில்ல. (தேங்காய் ஒண்டும் தலையில விழயில்ல, அது ஆண்டவன் புண்ணியம்.)

இன்னொரு கொதி. நேர்கோட்டிலிருந்து மாறாத் தூரத்தில இரிக்கிற புள்ளிகளுக்கு ஒரு கோடுதான் கீறியிருந்தாளாம், பாதி மார்க்ஸ் போச்சு. ரெண்டு சமாந்தரக் கோடு வரணும் எண்டு சிவப்புப் பேனையால கீறிவிட்டவருக்கு ஏன் எண்டு சொல்ல வாயில்ல. நாங்க மட்டக்களப்புக் கல்லடிக்காரர். வாவிக்கு மேல போற பழைய பாலத்தில ஏறி நிண்டு, 'பாலத்திலிருந்து நூறு மீற்றர் தள்ளி ஒரு தோணி' எண்டு சொல்லிப் பாருங்க. வலப்பக்கமும் வாவி, இடப்பக்கமும் வாவி. "எந்தப் பக்கம்?" எண்டு எந்தப் புள்ளையும் கேக்கும். அந்தக் கேள்விதான் ரெண்டாவது கோடு!

அடுத்த வகுப்புக்கு ஈர்க்குப் படத்தையும் கீறி, கயித்துக் கதையையும் எழுதிக்கொண்டு போனாள். கொப்பி திரும்பி வந்திரிக்கு. படத்துக்குக் குறுக்கால ஒரு கோடு. கீழ: 'வரைவிலக்கணங்களைப் பத்துத் தரம் எழுதி வரவும்.'

எழுதுறாள். இப்ப ஆறாந் தரம்.