கடன் கொப்பியில் இருக்கும் சீனியும் உப்பும்

இலங்கை மலையகத்தில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஹட்டனில் ஒரு மளிகைக் கடையில் 14 வருஷமாக நிற்கிறேன். சாமான் நிறுத்துக் கொடுப்பதும் கடன் கொப்பி எழுதுவதும்தான் வேலை. நம் வீட்டுச் சாப்பாட்டையும் இருதயத்தையும் பற்றி எழுதப் போகிறேன், அதைப் பேச இவனுக்கென்ன தகுதி என்று நினைப்பீர்கள். சரிதான். ஆனால் நாம் கிளினிக்கில் வாயால் சொல்வது மட்டும்தான் டொக்டருக்குத் தெரியும். "உப்பெல்லாம் கம்மியாத்தான் போடுறோம் டொக்டர்" என்று சொல்லிவிட்டு வருகிற அக்கா, பஸ் ஏறுவதற்கு முன்னால் என்னிடம் ஒரு கிலோ கல்லுப்பும் கால் கிலோ நெத்தலிக் கருவாடும் வாங்கிக்கொண்டுதான் போவார். அது என் கொப்பியில் இருக்கும்.

அந்தக் கொப்பிக் கணக்கைத்தான் சொல்ல வந்தேன். வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்தான் உப்பு இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். தேக்கரண்டியில் மட்டமாக ஒன்று. 5 பேர் உள்ள வீட்டுக்கு 30 நாளைக்குப் பெருக்கிப் பாருங்கள், 750 கிராம். சின்னப் பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவு. கருவாடு, ஊறுகாய், மிக்ஸர், பிஸ்கட், நூடில்ஸோடு வருகிற தூள் எல்லாவற்றிலும் இருக்கிற உப்பும் அந்த 750க்குள்ளேதான் அடங்க வேண்டும். என் கொப்பியில் 5 பேர் வீடென்றால் உப்பு மட்டுமே மாதம் ஒரு கிலோ.

சீனிக் கணக்கு இன்னும் மோசம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நின்றால் நல்லது, அதாவது 6 தேக்கரண்டி. அதே வீட்டுக்கு மாதம் 6 கிலோ போகிறது. ஒரு நாளைக்கு ஆளுக்கு 40 கிராம். கடையில் வாங்கிச் சாப்பிடுகிற பனிஸும் சோடாவும் இதில் சேரவில்லை.

யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. என் வீட்டுக் கணக்கும் அதே கொப்பியில்தான் கிடக்கிறது.

அப்பாவுக்கு 54 வயதில் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுகிற மலையில் வைத்து நெஞ்சு இறுக்கியது. வாயு என்று நினைத்து லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) வந்து இஞ்சித் தேத்தண்ணி குடித்துப் படுத்துவிட்டார். அரை நாள் அப்படியே போனது. இடது கை கனத்து வேர்த்துக் கொட்டிய பிறகுதான் 1990 அம்புலன்ஸ் நம்பருக்கு அடித்தோம். (நெஞ்சு இறுக்கம் என்றால் இஞ்சியைத் தேடாதீர்கள், போனைத் தேடுங்கள். அந்த அம்புலன்ஸுக்குக் காசு இல்லை.) உயிர் தப்பினார். ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். அம்மா அன்றைக்கே தனிச் சட்டி ஒன்று வாங்கினார்.

நாங்கள் செய்த பெரிய பிழை அந்தத் தனிச் சட்டிதான்.

எங்கள் ஐந்து பேருக்கும் வழக்கம் போல் குழம்பு, அப்பாவுக்கு மட்டும் உப்பில்லாத குழம்பு. நாலே நாளில் அவர் இரவில் எழும்பி எங்கள் சட்டியில் ரொட்டியைத் தொட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். அதைவிட மோசமானது மகளுக்கு நடந்தது. அப்போது அவளுக்கு 4 வயது. ஒரு நாள் அவள் தட்டில் தவறுதலாக அப்பாவின் பருப்பைப் போட்டுவிட்டோம். "இது சீக்குக்காரங்க சட்டி, எனக்கு வேணாம்" என்று தள்ளிவிட்டாள். உப்புக் குறைந்த சாப்பாடு என்றால் தண்டனை என்பதை நாங்களே உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்திருக்கிறோம். இந்தப் பிள்ளை 40 வயதில் எந்த டொக்டர் சொன்னாலும் கேட்குமா?

அடுத்த சம்பளத்தோடு அந்தச் சட்டியை ஒதுக்கினோம். வீட்டுக்கே ஒரே சட்டி. ஆனால் உப்பை ஒரேயடியாக இறக்கவில்லை, வாரத்துக்குக் கொஞ்சமாக இறக்கினோம். கருவாட்டைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து இரண்டு தரம் அலசினோம். நாக்கு பழகுகிற ஒன்று. சில வாரத்தில் பழைய அளவே உவர்க்கத் தொடங்கிவிடும். எங்களுக்கு அப்படித்தான் ஆனது. சம்பல் மட்டும் இழுபறி. சம்பலில் உப்பைக் குறைத்தால் அது சம்பலே இல்லை என்பது அம்மாவின் கட்சி. தேசிக்காயைக் கூடப் பிழிந்து சமாளிக்கிறோம்.

இதெல்லாம் சொன்னால் கடை வாசலில் ஒரு பதில் தயாராக இருக்கும்: "நாளெல்லாம் மலை ஏறி இறங்கிக் கொழுந்து எடுக்கிறவளுக்கு எங்கேருந்து பிரசர் வரும்?" வருகிறது. நடப்பது இருதயத்துக்கு நல்லதுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கூடுதலான உப்பு உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கும், இரத்தக் குழாயில் அழுத்தம் ஏறும். மலை ஏறியதற்காக அது தள்ளுபடி தராது. பிரசர் வலிக்கவும் செய்யாது, அதனால் அளந்து பார்க்காமல் தெரியவும் தெரியாது.

சீனிக்கு வருகிறேன். என் அப்பாயி பிளேன்டீக்குள் சீனி போட்டதே இல்லை. உள்ளங்கையில் துளி சீனியை வைத்துக்கொண்டு, ஒரு நக்கு, ஒரு மிடறு. 2022இல் சீனி விலை ஏறியபோது அம்மா அந்தப் பழக்கத்தை வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்தார். விலை இறங்கிய பிறகும் நான் விடவில்லை. கேத்தலில் கலந்தால் எவ்வளவு போட்டோம் என்று ஒருவருக்கும் தெரியாது. கையில் இருந்தால் கண்ணுக்குத் தெரியும். மகள் இப்போது தன் உள்ளங்கையைப் பார்த்து "அப்பா, இன்னைக்குக் கூடிருச்சு" என்கிறாள். சோடாப் போத்தலில் 2016இலிருந்து சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் போடுகிறார்கள். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கும் நிறம் தெரியும். கடைக்கு வரும் பொடிசுகளிடம் போத்தலைக் காட்டி "என்ன கலர்?" என்று கேட்பேன். வியாபாரத்துக்கு நல்லதில்லை. முதலாளி இந்தப் பதிவைப் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

விளையாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளைகள் தினமும் ஒரு மணி நேரமாவது ஓடியாட வேண்டும். புலமைப்பரிசில் பரீட்சை டியூஷனுக்கு நாம் ஒதுக்கும் நேரத்தில் பாதியைக் கொடுத்தால் போதும்.

நம் லயங்களுக்கு வேறொரு கதை இருக்கிறது. இருதய வருத்தம் 50 வயதில்தான் வரும் என்றில்லை. பிள்ளைக்குத் தொண்டை நோவும் காய்ச்சலும் வந்தால் பனடோல் கொடுத்துப் படுக்க வைக்கிறோம். ஒருவகைத் தொண்டைக் கிருமியைச் சரியாகக் கவனிக்காமல் விட்டால், இரண்டு மூன்று வாரம் கழித்துச் சில பிள்ளைகளுக்கு வாதக் காய்ச்சல் வரும். இன்று முழங்கால் வீங்கும், நாளை கணுக்கால். மூட்டு ஆறிவிடும், ஆனால் இருதயத்தின் வால்வு பழுதாகிவிடலாம். 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்குத்தான் இது கூடுதலாக வருவது, அதுவும் ஒரே காம்பராவில் ஆறேழு பேர் நெருங்கிப் படுக்கும் வீடுகளில். எங்கள் லயத்துப் பையன் ஒருவன் மாதா மாதம் பெனிசிலின் ஊசிக்குப் போகிறான். இன்னும் பல வருஷம் போக வேண்டுமாம். ஓட்ஸ், ஆப்பிள் என்று படம் போட்டு இருதயத்தைப் பாதுகாக்கச் சொல்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. தொண்டை நோவோடு காய்ச்சல் என்றால் டொக்டரிடம் காட்டுங்கள், மருந்தை முழுசாகக் கொடுங்கள்.

அப்புறம் இன்னொன்று. "மாமா, அப்பாவுக்கு ரெண்டு சிகரட்டாம்" என்று 8 வயதுப் பிள்ளையைக் கடைக்கு அனுப்பாதீர்கள். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு நான் விற்கவும் கூடாது. திருப்பி அனுப்பினால் என்னைத் திட்டுகிறீர்கள். திட்டுங்கள், பரவாயில்லை.

35 வயது தாண்டியவர்களுக்கு அரசாங்கத்தின் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் பிரசரும் சீனியும் இலவசமாகப் பார்க்கிறார்கள். இலவசம்தான், ஆனால் வேலை நாளில் போனால் அன்றைய பேர் (நாள் சம்பளம்) போய்விடும். பேரை விட்டுவிட்டுப் போங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் தெரிந்த தாதி ஒருவரைக் கேட்டு, வருகிற ஞாயிறு காலை 7 மணிக்கு எங்கள் தோட்டத்து டிவிசன் பெரட்டுக் களத்தில் (காலையில் வேலை பிரிக்கிற இடத்தில்) பிரசர் பார்க்க ஏற்பாடு செய்திருக்கிறோம். கடன் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இதுவரை 17 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஆம்பளைகள் 4 பேர்தான். அதில் ஒருவர் எங்கள் அப்பா. அவருக்கு ஏற்கெனவே கிளினிக் இருக்கிறது. மற்ற மூன்று பேரும் பயப்படாமல் இருக்கத் துணைக்கு வருகிறாராம்.