ஆய்வேட்டுக்கு மார்க் போடும்போது எதைப் பார்க்கிறோம்?

இந்த வாரம் முழுக்க எம்.ஏ. அரசியல் அறிவியல் மாணவர்களின் ஆய்வேடுகளோடுதான் போனது. மொத்தம் பதினேழு. மனித உரிமை, அரசியல் பங்கேற்பு, இதைச் சுற்றித்தான் எல்லாத் தலைப்புகளும். பாதிக்கு மேல் ஒரே மாதிரி தொடங்குகின்றன: 1215-ல் இங்கிலாந்தின் மேக்னா கார்ட்டா என்ற உரிமைச் சாசனம், 1789-ல் பிரெஞ்சுப் புரட்சி, 1948 டிசம்பர் 10-ல் ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனம், அப்புறம் நம் அரசியலமைப்பின் 14, 19, 21-வது பிரிவுகள் என்று நாற்பது பக்கம் ஓடிவிடுகிறது. களப்பணி ஒன்பதே பக்கம். ஐம்பது பேரிடம் 'நீங்கள் வாக்களிப்பீர்களா, ஆம்/இல்லை' என்று கேட்டு ஒரு வட்டப் படம் போட்டு, மக்களிடம் விழிப்புணர்வு இருக்கிறது என்று முடித்துவிடுகிறார்கள். பிரகடனத்தின் 21-வது பிரிவு நாட்டின் ஆட்சியில் பங்கெடுக்கிற உரிமையைப் பற்றியது, நம் அரசியலமைப்பின் 21 உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் பற்றியது. இரண்டையும் ஒன்றென்று நினைத்து எழுதியவர்கள் மூன்று பேர்.

பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. இப்படி எழுதினால்தான் மார்க் வரும் என்று பழக்கியது ஆசிரியர்களாகிய நாம்தான்.

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு மாணவி தன் சொந்த ஊரின் கிராம சபையை ஆய்வுக்கு எடுத்தாள். பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சி, நாலாயிரம் பேருக்கு மேல் மக்கள், கூட்டம் செல்லக் குறைந்தது 200 பேர் வேண்டும். அக்டோபர் 2 அன்று கோயில் மேடைக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு தலையாக எண்ணியிருக்கிறாள், 63 பேர். வருகைப் பதிவேட்டில் 214 கையெழுத்து. விசாரித்தால், இரண்டு நாளுக்கு முன்பே நூறு நாள் வேலை நடந்த கண்மாய்க் கரைக்கு அந்தப் பதிவேடு போய்த் திரும்பியிருக்கிறது. எதற்குக் கையெழுத்து என்று கேட்டீர்களா என்றதற்கு ஒரு அம்மா, "வேலைக்கு வந்த கணக்குன்னு நெனச்சேன் தாயி" என்று சொன்னதை அப்படியே எழுதியிருந்தாள். தலைவர் நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தார், தலைவரான அந்தப் பெண் எங்கே நின்றுகொண்டிருந்தார் என்பதற்கு ஒரு சின்னப் படமும் வரைந்திருந்தாள்.

அதற்கு 58 மார்க். சாம்பிள் போதாது, புள்ளியியல் சோதனை இல்லை, பேச்சுவழக்கு கலந்திருக்கிறது என்றார் வெளியிலிருந்து வந்த தேர்வாளர். வட்டப் படம் போட்ட ஆய்வேட்டுக்கு 81. நான் வாதாடினேன், ஆனால் கடைசியில் மதிப்பெண் பட்டியலில் நானும்தான் கையெழுத்துப் போட்டேன். அது இன்றைக்கும் உறுத்துகிறது.

இன்னொன்றை நாம் பார்ப்பதே இல்லை. பிற்சேர்க்கையில் பேட்டி கொடுத்தவர்களின் பெயர், சாதி, தெரு, செல் நம்பர் எல்லாம் வரிசையாக இருக்கிறது. களத்துக்குப் போனதற்கு ஆதாரம் என்று நாமே கேட்டு வாங்குகிறோம். 'என்னை நாற்காலியில் உட்கார விடுவதில்லை' என்று சொன்ன ஒரு தலித் வார்டு உறுப்பினரின் பெயரை அச்சடித்து ஸ்பைரல் பைண்டிங் போட்டு நூலகத்தில் வைத்தால் அவர் கதி என்ன? மதுரை மாவட்டம் மேலவளவில், தலித்துக்கு ஒதுக்கிய ஊராட்சித் தலைவர் பதவியில் ஜெயித்த முருகேசனையும் கூட இருந்த ஆறு பேரையும் வெட்டிக் கொன்றது 1997 ஜூன் 30-ல். நம் பக்கத்தில் அரசியல் பங்கேற்பு என்று எழுதும் ஒருவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும், நம்பிப் பேசியவரை மறைத்துக் காப்பாற்றத் தெரிந்திருக்க வேண்டும். என்னைக் கேட்டால் மேற்கோள் குறிப்பு சரியாக இருப்பதைவிட இதற்குத்தான் அதிக மார்க் போட வேண்டும்.

இந்த முறை வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) முதல் கேள்வியே 'யாரிடம் பேசினாய், எங்கே வைத்துப் பேசினாய்?' என்பதுதான். உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன் ஒருவன், ஊராட்சிகளில் இட ஒதுக்கீடு கொண்டுவந்த 73-வது அரசியலமைப்புத் திருத்தத்தால் தாழ்த்தப்பட்டோருக்கு அதிகாரம் கிடைத்தது என்று ஒரே வரியில் முடித்திருந்தான். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் கேள்விப்பட்டிருக்கிறாயா என்றேன். 1996-லிருந்து 2006 வரை பத்து வருடம் தலித்துக்கு ஒதுக்கிய தலைவர் பதவியில் ஒருவரை நிலைக்க விடாத ஊர்கள். "எங்க ஊருக்குப் பக்கம்தான் மேடம், பாப்பாபட்டியில எனக்கு ஃபிரெண்ட்ஸே இருக்காங்க" என்றான். அப்புறம் ஏன் எழுதவில்லை என்றால், "புக்ல இல்லையே மேடம்."

மார்க் போடவில்லை. பத்து நாள் அவகாசம் கொடுத்து, மேக்னா கார்ட்டாவையெல்லாம் எடுத்துவிட்டு ஊருக்குப் போய்ப் பேசிவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். நேற்று ராத்திரி போன் பண்ணினான், பெரியவர் ஒருவர் பேசுகிறேன் என்கிறாராம், ஆனால் பெயர் போடக்கூடாது என்கிறாராம், என்ன செய்யட்டும் மேடம் என்று கேட்டான்.