கூட வந்தவரிடம் கேட்காதீர்கள்

உசிலம்பட்டிப் பக்கத்தில் 21 ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவன் நான். முழுப்பரீட்சை விடுமுறை முடிந்தும் பள்ளிக்கு வராத பையனைப் பற்றி விசாரித்தால், “முறுக்கு கம்பெனிக்குப் போயிட்டான் சார்” என்ற பதிலைப் பலமுறை கேட்டிருக்கிறேன். வீட்டார் முன்பணம் வாங்கியிருப்பார்கள். அழைத்துச் சென்றவர் பெரும்பாலும் உள்ளூர்க்காரராக, சில வேளைகளில் மாமன் முறையாகவே இருப்பார். மகாராஷ்டிரத்திலோ குஜராத்திலோ கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியின் முன் அந்தப் பையன் நின்றுகொண்டிருப்பான். இதைக் கடத்தல் என்று ஊரில் யாரும் சொல்வதில்லை. வாயைப் பொத்தி வண்டியில் தூக்கிப்போட்டால்தான் கடத்தல் என்ற எண்ணம் காவலர்களிடமும் இருப்பதால், குழந்தைக் கடத்தலைத் தடுக்கக் காவலர்களுக்கும் சமூகப் பணியாளர்களுக்கும் தரும் பயிற்சி இந்த இடத்திலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சுரண்டலுக்காக ஒருவரை அழைத்துச் செல்ல, அவருக்குப் பொறுப்பானவரிடம் பணம் கொடுத்துச் சம்மதம் வாங்குவதையும் குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆவது பிரிவு ஆள்கடத்தல் என்றே சொல்கிறது. அகப்பட்டவரின் சம்மதம் கணக்கில் வராது. அகப்பட்டது குழந்தையென்றால் தண்டனை 10 ஆண்டுகளுக்குக் குறையாது.

மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்திலோ மதுரை ரயில் நிலையத்திலோ சந்தேகம் வந்து நிறுத்தும் காவலர், முதல் கேள்வியைக் கூட வந்த பெரியவரிடம் கேட்கிறார். அவர் சொன்னதையே பையனும் ஒப்பிக்கிறான். பையனைத் தனியே உட்காரவைத்து, தண்ணீரும் சாப்பாடும் கொடுத்து, சீருடை இல்லாத ஒருவர் பொறுமையாகப் பேசினால்தான் உண்மை வெளிவரும். வயதுக்கு ஆதார் அட்டையைக் காட்டினால் அதோடு விட்டுவிடுகிறார்கள். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 94-ஆவது பிரிவில், பள்ளிச் சான்றையே முதலில் பார்க்கச் சொல்கிறது. ஆதார் அந்த வரிசையில் இல்லை. பள்ளிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.

அதே சட்டம் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் ஒரு குழந்தைகள் நலக் காவல் அலுவலரையும், மாவட்டத்தின் சிறப்பு இளைஞர் காவல் பிரிவில் இரண்டு சமூகப் பணியாளர்களையும் வைக்கச் சொல்கிறது. அந்தப் பணியாளர்கள் இருவரில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். ஆனால் நான் பார்த்தவரை, காவலர்களுக்கு ஓர் அரங்கில் சட்டப் பிரிவுகளும், சமூகப் பணியாளர்களுக்கு வேறோர் அரங்கில் குழந்தை உளவியலும் நடத்துகிறார்கள். இரு தரப்பும் முதன்முதலாகச் சந்திப்பது நள்ளிரவில், அழுதுகொண்டிருக்கும் ஒரு குழந்தையின் முன்னால். 24 மணி நேரத்துக்குள், குழந்தையின் பாதுகாப்பை முடிவு செய்யும் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டிய நெருக்கடியில், யார் பேசுவது, யார் எழுதுவது என்பதைக்கூட அங்கேதான் முடிவு செய்கிறார்கள். இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து, நடித்துக் காட்டிப் பழக்க வேண்டும். பயிற்சி பெற்றவர் மாற்றலாகிப் போனால், வருகிறவருக்கு அந்த மாதமே பயிற்சி தர வேண்டும்.

மீட்டு வந்த பிறகு என்ன என்பதையும் அந்தப் பயிற்சியில் சொல்லித்தர வேண்டும். என் மாணவன் ஒருவன் மீட்கப்பட்டு வந்தான். ஆறு மாதத்தில் அதே கம்பெனிக்குத் திரும்பிப் போனான். 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்த முன்பணக் கடனே செல்லாது என்பதை அவன் தாயிடம் யாரும் சொல்லவில்லை. கொத்தடிமையிலிருந்து விடுபட்டதற்குக் கோட்டாட்சியரிடம் விடுவிப்புச் சான்றிதழ் பெற்றுத்தரவும் ஆளில்லை.

ஆண்டுக் கடைசியில் நடத்தும் பயிற்சியை மார்ச் மாதத்துக்கு மாற்றுங்கள். முழுப்பரீட்சை முடிகிற வாரத்தில்தான் புரோக்கர்கள் எங்கள் ஊர்களுக்கு வருகிறார்கள்.