வெள்ளைத் தோலுக்காகச் செவியைப் பலி கொடுக்காதீர்கள்

எங்கள் தென்னந்தோப்பின் காவலுக்கென்று நான் வாங்கி வந்த ராஜபாளையம் குட்டிக்குக் காது கேட்காது என்பது, அதன் தலைமாட்டில் நின்று சோற்றுத் தட்டை எத்தனை முறை தட்டியும் அது தூக்கம் கலையாமல் கிடந்த அன்றுதான் எனக்குப் புரிந்தது. பால் வெள்ளை உடல், ரோஸ் நிற மூக்கு, பொன்னிறக் கண்கள் என்று விற்றவர் அடுக்கிய பெருமைகளில் செவியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

இதை விதி என்று ஏற்க என்னால் முடியவில்லை. தோலுக்கு நிறம் தரும் நிறமிச் செல்கள் உட்செவியிலும் இருந்தாக வேண்டும். அவை இல்லாத குட்டியின் உட்செவியில் ஒலியை உணரும் செல்கள் பிறந்த சில வாரங்களிலேயே அழிந்துவிடுகின்றன. வெள்ளை உடலில் கரும்புள்ளிகள் கொண்ட டால்மேஷியன் நாய்களிடம் நெடுங்காலமாக அறியப்பட்ட கோளாறு இது. அப்படியிருந்தும், ஓர் ஈற்றில் கறுப்பும் பழுப்புமாகத் திட்டு விழுந்த குட்டிகளைக் கழித்துவிட்டு, இருப்பதிலேயே வெளுத்த கடுவனையும் வெளுத்த பெட்டையையும், அதுவும் நெருங்கிய இரத்த உறவுக்குள்ளேயே இணைசேர்ப்பவர்கள் எந்த நெஞ்சோடு அதை 'இனத்தூய்மை' என்கிறார்கள்?

காட்டுப்பன்றியை விரட்டிப் பிடித்த நாயினம் இது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேட்டைக்கு இடமில்லை, அது சரியே. ஆனால் காவல் வேலை இன்றும் இருக்கிறது. வேலையில் தேறிய நாயிடமிருந்து மட்டுமே குட்டி எடுத்தால், கேளாத நாயின் குறை முதல் இரவிலேயே வெளிப்பட்டுவிடும். கண்காட்சித் திடலிலோ கயிற்றைப் பிடித்து நடத்திக் காட்டினால் போதும்; நடுவர் நிறத்தையும் நிற்கும் அழகையும் பார்க்கிறார், முதுகுக்குப் பின்னால் ஒருமுறை கைதட்டிப் பார்க்க எவருக்கும் தோன்றுவதில்லை. ஒரு காது மட்டும் கேளாத நாயோ கைதட்டலுக்கும் திரும்பிவிடும். மூளைத்தண்டின் மின் அலைகளைப் பதிவு செய்யும் சோதனையில்தான் அது அகப்படும். அந்தச் சோதனைச் சான்று இல்லாத நாய்க்குப் பரிசும் கொடுக்கக் கூடாது, அதை இனப்பெருக்கத்துக்கும் விடக் கூடாது.

2005இல் அஞ்சல் தலையில் அச்சிட்டு நாடு பெருமைப்படுத்திய இனத்துக்கு நாம் செய்யும் மரியாதை இதுதானா? விற்றவரைத் தொலைபேசியில் அழைத்து நியாயம் கேட்டேன். அடுத்த ஈற்றில் இதைவிட வெள்ளையாக ஒரு குட்டி தருவதாகச் சொன்னார்.