பூட்டிய வீட்டின் வரிப் பாக்கி

தருமபுரி மாவட்டத்துப் பேரூராட்சி ஒன்றில் எங்கள் பூர்வீக வீடு இருக்கிறது. அதன் சொத்து வரியை என் பெயருக்கும் தம்பி பெயருக்கும் மாற்றுவதற்காக, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பத்திர நகல் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் அடுக்கிக்கொண்டு சென்ற மாதம் ஊருக்குப் போயிருந்தேன். வரிவிதிப்பு எண்ணைக் கணினியில் தட்டிப் பார்த்த ஊழியர், ஆறு அரையாண்டுகளுக்கு வரி நிலுவையில் இருப்பதாகவும், அதைக் கட்டி முடித்த பிறகுதான் பெயர் மாற்ற விண்ணப்பத்தை வாங்க முடியும் என்றும் சொன்னார். அப்பா இறந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. நான் ஓசூரில் இருக்கிறேன், தம்பி பெங்களூரில் இருக்கிறான், வீடு பூட்டிக் கிடக்கிறது. வரி கேட்டுக் குறுஞ்செய்திகள் தவறாமல் போய்க்கொண்டுதான் இருந்திருக்கின்றன. ஆனால் அவை போனது அப்பாவின் கைப்பேசி எண்ணுக்கு. ரீசார்ஜ் செய்வாரில்லாமல் அந்த எண் எப்போதோ செத்துப்போயிருந்தது.

தவறு எங்களுடையதுதான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் சொத்து வரிப் பாக்கி என்பது எப்படிச் சத்தமில்லாமல் வளர்ந்து, கட்டாமல் விட்டவரை விட்டுவிட்டு வேறொருவர் தலையில் போய் விடிகிறது என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன்.

பணக் கணக்கு பெரிதில்லை. நகர்ப்புற உள்ளாட்சிகளில் ஏப்ரல், அக்டோபர் என ஆண்டுக்கு இரண்டு முறை வரி கட்ட வேண்டும். அரையாண்டு தொடங்கிய 30 நாள்களுக்குள் கட்டிவிட்டால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை, ஊக்கத்தொகையாகக் கழித்துக்கொள்கிறார்கள். உரிய காலத்தில் கட்டாவிட்டால் மாதத்துக்கு 1 சதவீதம் தனிவட்டி ஏறுகிறது. எங்கள் வீட்டுக்கு அரையாண்டு வரி 1,150 ரூபாய். ஆறு தவணைக்கும் சேர்த்து 6,900 ரூபாயும், அதன்மேல் ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் வட்டியும் ஆயிற்று. ஆண்டுக்கு 12 சதவீதம் என்பது எங்கள் ஊர்க் கடைத்தெருவில் கைமாற்று வாங்குகிறவர் கொடுக்கும் வட்டியோடு ஒப்பிட்டால் சொற்பம். அதனால்தான் "பாக்கி நிற்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தெரிந்தே தள்ளிப்போடுகிற வணிகர்களும் இருக்கிறார்கள்.

உண்மையான சேதம் வேறிடத்தில் இருக்கிறது. சொத்து வரி அந்தச் சொத்தின் மீதே முதல் பொறுப்பாக ஏறி நிற்கும் கடன். வீட்டின் உரிமையாளர் இறந்தாலும், விற்றாலும், ஊரை விட்டே போனாலும், பாக்கி சுவரோடு ஒட்டிக்கொண்டு இருக்கும். சொத்து வாங்குகிறவர்கள் முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்து நிம்மதி அடைகிறார்கள். ஆனால் வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள்தான் வருமே தவிர, வரிப் பாக்கி வராது. நிலுவை இருப்பது தெரியாமல் நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து வாங்கியவரின் சொத்தின் மீது அந்தப் பொறுப்பைச் சுமத்த முடியாது என்று, அகமதாபாத் மாநகராட்சி தொடர்பான ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1971 ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது உண்மைதான். ஆனால் சில ஆயிரம் ரூபாய்க்காக அந்தத் தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றப் படியேற யாருக்கு நேரம் இருக்கிறது? பெயர் மாற வேண்டும், வங்கிக் கடனுக்கு நடப்பு ரசீது வேண்டும் என்ற அவசரத்தில், முந்தைய உரிமையாளரின் பாக்கியைப் புதியவர் முணுமுணுத்துக்கொண்டே கட்டிவிடுகிறார்.

ஓசூர் 2019 இல் மாநகராட்சி ஆன பிறகு, சுற்றுப்புறத்தில் மனை வாங்கிப் போட்டுவிட்டு வெளியூரில் இருப்பவர்களுக்கும் இதே கதைதான். கட்டடமே இல்லாத இடத்துக்கு என்ன வரி என்று கேட்கிறார்கள். காலி மனைக்கும் வரி உண்டு. வீடு கட்ட வரைபட அனுமதிக்குப் போகும் நாளில், அதுவரை சேர்ந்த எல்லா ஆண்டுகளின் பாக்கியும் ஒரே சீட்டில் வந்து நிற்கும்.

பாக்கிக்காகக் குடிநீர் இணைப்பைத் துண்டிக்கும் வழக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அலுவலர்களுக்குச் சட்டம் ஜப்தி வரை அதிகாரம் கொடுத்திருக்கிறது; ஆனால் பண்ட பாத்திரத்தை எடுத்துப் போவதைவிடக் குழாயை அடைப்பது எளிது என்பதால் முதலில் அங்கேதான் கை வைக்கிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் புளோரைடு மிகுந்து, பல் கறுத்து எலும்பு வளைந்த தலைமுறைகளைப் பார்த்தவர்கள் நாம். அந்தக் கொடுமைக்கு மாற்றாகத்தான் ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேறி, 2013 இல் பயன்பாட்டுக்கு வந்தது. வேறு ஊரில் குழாயைத் துண்டித்தால் அது வசதிக் குறைவு. இங்கே துண்டித்தால் அந்தக் குடும்பத்தை மறுபடி புளோரைடு தண்ணீருக்கே அனுப்புகிறோம். அதுவும் வாடகைக்குக் குடியிருப்பவர் வீட்டில் இப்படிச் செய்தால், உரிமையாளரின் பாக்கிக்குக் குடியிருப்பவரின் பிள்ளைகள் தண்டனை அனுபவிக்கிறார்கள். வசூலுக்கு இந்த வழியை நான் எதிர்க்கிறேன்.

2022 உயர்வுக்குப் பிறகு கோபத்தில் வரி கட்டுவதையே நிறுத்தியவர்கள் என் உறவினர்களிலும் இருக்கிறார்கள். எங்கள் பகுதி குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம் என்று தொடங்கி, 1,800 சதுர அடிக்கு மேல் 100 சதவீதம் வரை வரி உயர்ந்தது; அவர்கள் ஆதங்கம் நியாயமானதுதான். ஆனால் அளவு தவறு, வகைப்பாடு தவறு என்று எழுத்து மூலம் முறையிடுவது வேறு, பேசாமல் இருந்துவிடுவது வேறு. பேசாமல் இருப்பவரின் எதிர்ப்பைக் கணினி வெறும் நிலுவையாகத்தான் எழுதி வைக்கிறது.

எனக்குத் தோன்றும் தீர்வு எளியது. வில்லங்கச் சான்று எடுக்கும்போதே அந்தச் சொத்தின் வரி நிலுவையும் அதில் தெரிய வேண்டும். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போனவர்களின் பூட்டிய வீடுகள் தெருவுக்குத் தெரு இருக்கும் இந்த மாவட்டத்தில், கதவிடுக்கில் செருகிய கேட்பு அறிவிப்பைக் கரையான்தான் படிக்கிறது. ஓராண்டு வரி வராத வீட்டைப் பற்றி பில் கலெக்டர் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை விசாரித்திருந்தால், அடுத்த வாரமே எங்கள் காதுக்கு வந்திருக்கும். அந்த வீட்டு அக்காவிடம்தான் எங்கள் சாவியே இருக்கிறது.

பாக்கியை அன்றே கட்டிவிட்டேன். தொடர்பு எண்ணை மட்டுமாவது மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டதற்கு, பெயர் மாறும்போது அதுவும் மாறும் என்றார்கள். பெயர் மாற்றம் இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. அடுத்த அரையாண்டுக் குறுஞ்செய்தியும் அப்பாவின் எண்ணுக்குத்தான் போகும்.