கோள் சொன்ன ஊதா நிறம்

ஒரு வாடிக்கையாளர், "படித்து முடித்த கட்டுரைக்குப் பக்கத்தில் ஒரு டிக் மார்க் வரணும்" என்று கேட்டார். இணையப் பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் மொழியில் இரண்டு வரி வேலைதானே என்று தலையாட்டிவிட்டு வந்தேன். போட்டுப் பார்த்தால், போய்ப் பார்த்த லிங்க்கின் நிறம் மாறுகிறது, டிக் மட்டும் வரமாட்டேன் என்கிறது. அரை நாள் என் கோடில் தப்பு தேடினேன். கடைசியில் பார்த்தால், பிரவுசரே வேண்டுமென்று அதைத் தடுத்து வைத்திருக்கிறது.

பார்த்த லிங்க் ஊதா, பார்க்காதது நீலம். இதில் என்ன அந்தரங்கம் என்று தோன்றும். ஆனால் ஒரு பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் ஆயிரக்கணக்கான லிங்க்குகளைப் போட்டு, ஒவ்வொன்றும் என்ன நிறத்தில் இருக்கிறது என்று ஜாவாஸ்கிரிப்டால், அதாவது பக்கத்துக்குள் ஓடும் நிரலால், கேட்டால் போதும். உங்கள் வங்கி எது, எந்த நோயைப் பற்றித் தேடினீர்கள் என்பதெல்லாம் வெளியே வந்துவிடும். அமெரிக்காவில் எபிக் மார்க்கெட்பிளேஸ் என்ற விளம்பர நிறுவனம் இப்படித்தான் 54,000 தளங்களை வைத்து மக்களை வேவு பார்த்தது என்று அந்நாட்டின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசி குற்றம்சாட்டியது. கருத்தரிப்புச் சிக்கல், மாதவிடாய் நிற்கும் காலம், கடன் தொல்லை, திவால் என்று போகிறது அந்தப் பட்டியல். 2012 டிசம்பரில் அது சமரசத்தில் முடிந்தது.

எனக்குக் கோபம் அந்த நிறுவனத்தின் மீது மட்டும் இல்லை. இந்த ஓட்டை 2002-லேயே ஃபயர்பாக்ஸ் பிரவுசரை உருவாக்கும் மொசில்லாவின் பிழைப் பட்டியலில் ஏறிவிட்டது. சிஎஸ்எஸ் 2.1 விதிநூலிலேயே இதைப் பற்றி ஒரு குறிப்பு இருக்கிறது: இதை வைத்து ஒருவர் எங்கெல்லாம் போனார் என்று அவருக்குத் தெரியாமலே கண்டுபிடிக்க முடியும், ஆகவே பிரவுசர்கள் எல்லா லிங்க்கையும் பார்க்காததாகவே நடத்தலாம். நடத்தலாம்! வீட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டு, "பூட்டு இல்லை, வேண்டுமென்றால் போட்டுக்கொள்ளுங்கள்" என்று கதவில் சீட்டு ஒட்டிய மாதிரி.

2010-ல் மொசில்லாவின் டேவிட் பேரன் ஒரு வழி கண்டார். பார்த்த லிங்க்குக்கு நிறத்தை மட்டும்தான் மாற்றலாம். ஜாவாஸ்கிரிப்ட் கேட்டால் பிரவுசர் பொய் சொல்லும். என் டிக் மார்க் மாட்டிக்கொண்டது இங்கேதான். அப்புறமும் லிங்க்கைத் திரையில் வரைய ஆகும் நேரத்தை அளந்தே, அது பார்த்ததா இல்லையா என்று கறக்க வழி கண்டுபிடித்தார்கள். ஒரு தளத்தில் சொடுக்கிய லிங்க் இன்னொரு தளத்தில் ஊதாவாகத் தெரியக் கூடாது என்ற ஏற்பாடு குரோமில் வந்தது 2025-ல், 136-ஆம் பதிப்பில். பார்த்த லிங்க்குக்குத் தனி நிறம் தரும் வசதி சிஎஸ்எஸ் விதிநூலில் ஏறியதோ 1996-ல்.

இப்போது இணைய விதிநூல்களை வெளியிடும் டபிள்யூ3சி அமைப்பில் புதிய விதி எழுதுபவர்கள் பாதுகாப்பு, தனியுரிமை பற்றிய கேள்வித்தாளைத் தாங்களே நிரப்ப வேண்டும். அங்குள்ள தனியுரிமைக் குழுவும் பார்க்கிறது. நல்லதுதான். ஆனால் தன் புதிய வசதி எப்படியாவது வந்துவிட வேண்டும் என்று துடிப்பவரே தாளையும் நிரப்பினால் பதில் எப்படி இருக்கும்? "பெரிய ஆபத்து இல்லை" என்றுதான். ஆபத்து இருக்கிறது என்று அந்தக் குழு சொன்னால் விதி அங்கேயே நிற்க வேண்டும். "லாம்" போட்டு நகரக் கூடாது.

எழுத்துருவையே எடுத்துக்கொள்ளுங்கள். கணினியில் என்னென்ன எழுத்துரு இருக்கிறது என்பதை ஒரு பக்கம் சோதிக்க முடியும். பழைய தமிழ் எழுத்துருக்களைச் சேர்த்து வைத்திருக்கும் நம்மைப் போன்றவர்கள் கூட்டத்தில் தனியாகத் தெரிவோம். ஆப்பிளின் சஃபாரி பிரவுசர் கணினியோடு வந்த எழுத்துருக்களை மட்டும் காட்டி இதை அடைத்திருக்கிறது. விதியே அப்படி இருந்திருக்கலாம்.

வாடிக்கையாளரிடம் காரணத்தை விளக்கினேன். டிக் மார்க்கை மறந்துவிட்டு, "அப்போ 2010-க்கு முன்னாடி நான் பார்த்ததெல்லாம்?" என்று கேட்டார்.